சுமை ஓரிடம், நோவு வேறிடம்

மழை பெய்து ஓய்ந்த மாலை. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே மழைநீர்க் கால்வாய். அதன்மேல் ஒரு மரப்பலகை. நாம் பலகைமேல் நடந்து தெருவுக்குச் செல்கிறோம். கரையை விட்டு முதலடி வைக்கும்போது பலகை அசைவதாகவே தெரியவில்லை. நடுவை நெருங்க நெருங்க அது தொய்கிறது. மறுகரையை அணுகும்போது மீண்டும் நிமிர்கிறது. நடந்தவர் ஒருவரே, அவர் எடையும் மாறவில்லை, பலகையும் அதுவே. அவ்வாறிருக்க, ஓரிடத்தில் எளிதாகத் தாங்கிய பலகை மற்றோரிடத்தில் வருந்துவது ஏன்?

இனி மற்றொரு காட்சியைக் காண்போம். முன்னாளில் சிங்கப்பூர்த் தெருக்களில் சீன வணிகர்கள் தோளில் ஒரு தண்டைச் சுமந்து, அதன் இரு முனைகளிலும் கூடைகளைத் தொங்கவிட்டுச் செல்வர். நம்மவர் காவடித் தண்டும் அத்தகையதே. சுமை இருப்பது முனைகளில். ஆனால், அத்தண்டு முறிய நேர்ந்தால் எங்கே முறியும்? தோளின்மேல் அமர்ந்திருக்கும் நடுவிடத்திலேதான் முறியும்.

ஆகவே, சுமை இருக்குமிடம் வேறு; பொருள் நோவுறுமிடம் வேறு என்பது புலனாகிறது. இந்த நோவை உத்தரத்தின் ஒவ்வோர் இடத்திலும் கணக்கிட்டு, ஒரு கோட்டின்மேல் உயரமாக எழுதிக் காட்டும் படம் ஒன்று உண்டு. கட்டடப் பொறியாளர் மாளிகைக்கும் பாலத்துக்கும் முதலில் வரைவது அப்படத்தையே. அதனை வரைய உயர்ந்த கணிதம் வேண்டுவதில்லை; பெருக்கலும் கழித்தலும் அறிந்த பள்ளி மாணவரே வரைந்துவிடலாம்.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். இரு தாங்கிகளின்மேல் கிடக்கும் மரத்தை உத்தரம் என்றும் விட்டம் என்றும் தமிழில் கூறுவர். வட்டத்தின் குறுக்களவுக்கும் விட்டம் என்பதே பெயராதலின், மயக்கம் நேராதிருக்க ஈண்டு உத்தரம் என்றே வழங்குவோம்.

கதவைக் கீலுக்கு அருகில் தள்ளினால் திறப்பது கடினம். கைப்பிடியில் தள்ளினால் எளிது. விசையை அதன் தொலைவால் பெருக்கி வருவதே அதன் திருப்பும் ஆற்றல். ஆங்கிலத்தில் இதனை மொமெண்ட் என்பர். அம்மொழியில் அச்சொல் நொடிப்பொழுதையும் குறிக்கும். நம் பாடநூல்கள் இதற்குத் திருப்புத்திறன் என்று பெயரிட்டுள்ளன. பொருளைச் சொல்லே விளக்கிவிடுகிறது. உத்தரத்தை வளைக்க முயலும் திருப்புத்திறனை வளைவுத் திருப்புத்திறன் என்பது முறை. பன்முறை எழுத வேண்டியிருப்பதால், இக்கட்டுரையில் வளைதிறன் என்று சுருக்கிக்கொள்வோம்.

பலகையைக் கணக்கிடுவோம்

பலகையின் நீளம் 4 மீட்டர் என்றும், அதன் நடுவில் நிற்பவர் எடை 60 கிலோகிராம் என்றும் கொள்வோம். பலகையின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். அவர் நட்டநடுவில் நிற்பதால் இரு கரைகளும் சரிபாதியாகச் சுமையை ஏற்கின்றன. கரை ஒவ்வொன்றும் 30 கிலோகிராம் விசையோடு பலகையை மேல்நோக்கித் தாங்குகிறது.

இப்போது இடக்கரையிலிருந்து 1 மீட்டர் தொலைவில் பலகையை ஒரு கத்தியால் வெட்டியதாக மனத்தில் எண்ணுக. வெட்டுக்கு இடப்புறம் உள்ள துண்டை மட்டும் நோக்குக. அதன் முனையைக் கரை 30 கிலோகிராம் விசையால் மேலே தள்ளுகிறது. தொலைவு 1 மீட்டர். ஆகவே வெட்டிய இடத்தில் வளைதிறன் 30 × 1 = 30 கிலோகிராம்-மீட்டர். (தொலைவை அளக்கும் கிலோமீட்டர் வேறு, இது எடையையும் நீளத்தையும் பெருக்கி வந்தது.) உண்மையில் அங்கே வெட்டு இல்லை. மரத்தின் நார்களே இந்தத் திருப்பலை எதிர்த்து நின்று துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கத்தியை நடுவுக்குக் கொண்டு செல்வோம். 30 × 2 = 60. இன்னும் நகர்ந்து 3 மீட்டரில் வெட்டுவோம். இப்போது வெட்டுக்கு இடப்புறம் நடுவில் நிற்பவரும் சேர்ந்துவிட்டார். அவர் கீழே அழுத்துவதால் அவர் பங்கைக் கழிக்கவேண்டும். 30 × 3 = 90; அதில் 60 × 1 = 60 போக மிச்சம் 30. மறுகரையில் 30 × 4 = 120; 60 × 2 = 120; மிச்சம் ஏதுமில்லை.

ஒரு தாளில் 4 அங்குல நீளக் கோடு இழுத்து, ஓரங்குலத்தை ஒரு மீட்டராகக் கொண்டு, இந்த எண்களை அந்தந்த இடத்தில் உயரங்களாகக் குறித்து இணைத்துப் பாருங்கள். இரு கரைகளிலும் சுழியில் தொடங்கி நடுவில் 60-ஐத் தொடும் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதுவே வளைதிறன் வரைபடம்.

முதலடி வைக்கும்போது பலகை ஏன் வருந்தவில்லை என்பதற்கும் விடை இங்கே உண்டு. அதே மனிதர் கரையிலிருந்து கால் மீட்டரில் நிற்கும்போது, அவர் காலடியில் வளைதிறன் ஏறத்தாழ 14 மட்டுமே. ஒரு மீட்டரில் 45. நடுவில் 60. எடை மாறவில்லை, நோவு நான்கு மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

பரவிய சுமையும் நீளத்தின் கொடுமையும்

அதே 60 கிலோகிராம், ஒரு மனிதராக நில்லாமல், பலகை முழுதும் சீராகப் பரப்பிய மணலாக இருந்தால் என்ன ஆகும்? மீட்டருக்கு 15 கிலோகிராம். கரைகள் முன்போலவே 30, 30 தாங்கும். நடுவில் வெட்டினால், கரை தரும் 30 × 2 = 60. வெட்டுக்கு இடப்புறம் உள்ள மணல் 30 கிலோகிராம். அதன் சராசரித் தொலைவு 1 மீட்டர். அதனால் 30 கழியும். மிச்சம் 30. ஒரே எடைதான், பரப்பி வைத்தால் நோவு பாதியாகிறது. வரைபடமும் கூரிய முக்கோணமாக இல்லாமல், எறிந்த பந்து செல்லும் பாதையைப் போன்ற வளைகோடாக அமைகிறது.

சீராகப் பரவிய சுமைக்கு ஒரு விதி உண்டு. மீட்டருக்குள்ள சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நடுவில் உள்ள வளைதிறன் கிடைக்கும். 15 × 4 × 4 ÷ 8 = 30. கால்வாயை 8 மீட்டர் அகலமாக்கினால் 15 × 8 × 8 ÷ 8 = 120. நீளம் இரு மடங்கானால் நோவு நான்கு மடங்காகிறது. வீட்டின் நடுவே நிற்கும் ஒரு தூணை இடையூறு என்று அகற்ற விரும்புவோர் இதனை நினைவில் கொள்ளவேண்டும். தூண் போனால் போவது இடையூறு மட்டுமன்று. அதன்மேல் உள்ள உத்தரத்தின் நீளம் இரட்டித்துவிடும்.

தொய்வும் கூனும்

கால்வாய்ப் பலகை தொட்டிலைப் போலத் தொய்கிறது. அதன் கீழ்ப்புற நார்கள் இழுபடுகின்றன. மேற்புற நார்கள் நெருக்குண்கின்றன. காவடித் தண்டோ கூனைப் போல வளைகிறது. அங்கே மேற்புறம் இழுபடுகிறது, கீழ்ப்புறம் நெருக்குண்கிறது. முன்னதைத் தொய்வு என்றும் பின்னதைக் கூன் என்றும் கூறுவோம். வரைபடத்தில் ஒன்றைக் கோட்டின் ஒரு பக்கத்திலும் மற்றதை எதிர்ப்பக்கத்திலும் வரைவர். உத்தரத்தின் எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அந்தப் பக்கத்தில் வரைவது பலர் கைக்கொள்ளும் வழக்கம். அவ்வாறு வரைந்தால் இழுவிசை எங்கே இருக்கிறது என்பதைப் படத்தைப் பார்த்தவுடனே அறியலாம்.

தொய்வும் கூனும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் என்பது வியப்பான செய்தி. மீட்டருக்கு 15 கிலோகிராம் சுமந்த 4 மீட்டர்ப் பலகைக்கு நடுவில் 30 என்று கண்டோம். தாங்கிகளை முனைகளில் வைக்காமல், ஒவ்வொரு முனையிலிருந்தும் ஏறத்தாழ 83 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தால், வெளியே நீட்டிய பகுதிகள் தாங்கிகளின்மேல் சிறிது கூனை உண்டாக்கி, நடுவிலுள்ள தொய்வைக் குறைக்கின்றன. அப்போது மிகுதியான வளைதிறன் எங்கும் ஐந்தைச் சிறிதே தாண்டும். 30 எங்கே, 5 எங்கே! பலகை அதே, சுமை அதே, தாங்கிகளை நகர்த்தியதற்கு ஒரு காசும் செலவில்லை.

வகுப்பில் இதனைக் காட்டுவது எளிது. ஓர் அட்டையில் 30 சென்டிமீட்டர் நீளமும் இரு விரல் அகலமும் உள்ள கீற்றை வெட்டுங்கள். இரு பென்சில்களை அதன் முனைகளுக்கு அடியில் வையுங்கள். கீற்று நன்றாகத் தொய்யும். பின்னர்ப் பென்சில்களை முனைகளிலிருந்து 6 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்துங்கள்; அதே கீற்று ஏறக்குறைய நேராக நிற்பதை மாணவர் கண்டு மகிழ்வர்.

கம்பி எங்கே கிடக்கவேண்டும்?

மரம் இழுத்தாலும் நெருக்கினாலும் ஓரளவு தாங்கும். கான்கிரீட் அவ்வாறன்று. நெருக்கினால் கல்லைப்போல் தாங்கும்; இழுத்தாலோ, நெருக்கலில் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கிலேயே வெடித்துவிடும். ஆதலின், இழுபடும் பக்கத்தில் எஃகுக் கம்பியை வைத்து, இழுவிசையை அதனிடம் ஒப்படைக்கிறார்கள்.

பிரெஞ்சுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியே 1867-ஆம் ஆண்டில் கம்பி வலை இட்ட பூந்தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1886-இல் ஜெர்மானியப் பொறியாளர் மத்தியாஸ் கோனன் அத்தகைய பலகங்களைக் கணக்கிடும் முறையை வெளியிட்டு, கம்பி இழுபடும் பக்கத்திலேயே கிடக்கவேண்டும் என்று காட்டினார். 1892-இல் பிரான்சில் என்னபிக் என்பார் பெற்ற காப்புரிமையில், நடுவில் உத்தரத்தின் அடியிலே ஓடும் கம்பிகளிற் சில, தாங்கிகளை நெருங்கும்போது சாய்வாக மேலேறுகின்றன. அந்தக் கம்பி செல்லும் பாதையை வளைதிறன் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பல தூண்களின்மேல் தொடர்ந்து செல்லும் உத்தரம், தூண்களுக்கு நடுவே தொய்கிறது. தூண்களின்மேல் கூன் கொள்கிறது. படம் கீழே இருக்குமிடத்தில் கம்பி கீழே. படம் மேலே ஏறுமிடத்தில் கம்பியும் மேலே. தாளில் வரைந்த கோடே கான்கிரீட்டுக்குள் எஃகாகப் புதைந்து கிடக்கிறது என்று கூறுவது மிகையன்று.

கம்பியை இடம் மாற்றி வைத்தால் நேரும் தீங்கைப் பால்கனியிற் காணலாம். ஒரு முனை கட்டடத்தில் ஊன்றி, மறுமுனை வெளியே நீண்டு நிற்கும் தளம் அது. அதற்குக் கீழே தாங்கி இல்லை. ஆகவே அது முழுவதும் கூன் கொள்கிறது. வெளிமுனையில் வளைதிறன் சுழி. சுவரை ஒட்டிய இடத்தில் மிகப் பெரிது. ஒரே நீளமும் ஒரே பரவிய சுமையும் உடையனவாயின், இருபுறம் தாங்கிய பலகையைக் காட்டிலும் நான்கு மடங்கு நோவு இதற்கு உண்டு. கம்பி மேற்புறத்தில், சுவருக்குள் ஆழப் புகுந்து கிடக்கவேண்டும். அறைத் தளத்தில் அடியிலே கம்பி இட்டுப் பழகிய கை, பால்கனியிலும் அடியிலே இட்டுவிட்டால், கம்பி இருந்தும் இல்லாததே. மேலே சரியாக வைத்த கம்பியையும், கான்கிரீட் கொட்டும்போது வேலையாட்கள் மிதித்துக் கீழே அமிழ்த்திவிடுவது உண்டு. அதனைத் தடுக்கவே கம்பிக்கு அடியில் சிறு தாங்கிகள் வைக்கப்படுகின்றன. பூசி முடித்த பின்னர் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு பால்கனிகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஒன்று நிற்கும், மற்றொன்று ஒருநாள் நின்றவரோடு விழும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இரு கரைகளில் கிடக்கும் பலகைக்கு முனையில் வளைதிறன் சுழி என்பதால், முனையில் அபாயமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. உத்தரத்தைக் கத்தரிபோல் நறுக்க முயலும் விசை பரவிய சுமையில் முனைகளிலேயே மிகுதி. அதனை நறுக்குவிசை என்பர். அதற்கும் தனியே ஒரு வரைபடம் உண்டு. பொறியாளர் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைவர். நறுக்குவிசை சுழியாகும் இடத்தில் வளைதிறன் உச்சத்தை அடையும் என்பது இரண்டுக்கும் உள்ள உறவு.

கலிலியோவின் உத்தரம்

இக்கணக்கைத் தொடங்கி வைத்தவர் கலிலியோ. திருச்சபையின் விசாரணைக்குப் பின் புளோரன்ஸ் நகருக்கு அருகே வீட்டுக்காவலில் இருந்த முதுமைக் காலத்தில், அவர் இரு புதிய அறிவியல்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். அது 1638-ஆம் ஆண்டு ஹாலந்து நாட்டு லெய்டன் நகரில் அச்சாயிற்று. சுவரிலிருந்து நீண்டு நிற்கும் ஒரு மரம். அதன் முனையில் தொங்கும் ஓர் எடை. இந்தப் படம் அந்நூலில் உண்டு.

நோவு சுவரோரத்தில் மிகுதி என்பதையும், உத்தரத்தின் வலிமை அகலத்தோடு நேராகவும் உயரத்தோடு வர்க்கமாகவும் வளரும் என்பதையும் அவர் சரியாகக் கண்டார். 30 சென்டிமீட்டர் அகலமும் 3 சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள பலகையைப் படுக்கவைப்பதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் பத்து மடங்கு வலிமை பெறுவது இதனாலேயே. ஆனால், ஓரிடத்தில் அவர் தவறினார். மரம் தன் அடி விளிம்பைச் சுற்றித் திரும்புகிறது என்றும், குறுக்குவெட்டு முழுவதும் ஒரே அளவில் இழுபடுகிறது என்றும் கொண்டார். உண்மையில் ஒரு பாதி இழுபட, மறுபாதி நெருக்குண்கிறது. இரண்டுக்கும் நடுவே எவ்வித நோவும் அறியாத ஒரு படலம் இருக்கிறது. அதனால் அவர் கணக்கு, மரம் உண்மையில் தாங்குவதைப் போல் மூன்று மடங்கு தாங்கும் என்று கூறிவிட்டது. 1773-இல் கூலும் என்பாரும், 1826-இல் நாவியே என்பாரும் இதனைத் தெளிவாகத் திருத்தினர். மாமேதையின் பிழையைத் திருத்தி முடிக்க ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் சென்றன.

ஆயினும், அந்நூலில் கலிலியோ உரைத்த மற்றோர் உண்மைக்கு அழிவில்லை. சிறிய உத்தரத்தை எல்லா அளவிலும் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். நீளம் இரட்டிப்பதால் வளைதிறன் பதினாறு மடங்காகும். வலிமையோ எட்டு மடங்குதான் வளரும். இவ்வாறே பெரிதாக்கிச் சென்றால், வேறு எந்தச் சுமையும் இன்றித் தன் எடையாலேயே அது முறியும். பெரிய பொருளுக்குத் தன் உடலே பெருஞ்சுமை.

செராங்கூன் சாலையில் ஒரு சனிக்கிழமை

நம் பலகைக் கணக்கில் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம் என்றோம். பாடத்தில் அது பொருந்தும். கட்டடத்தில் அவ்வாறு விடலாமா? 30 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கான்கிரீட் உத்தரம் மீட்டருக்கு ஏறத்தாழ 360 கிலோகிராம் எடை கொண்டது. 6 மீட்டர் நீளத்தில், ஒரு நாற்காலிகூட மேலே வைக்குமுன், அதன் நடுவில் வளைதிறன் 1,620 கிலோகிராம்-மீட்டர். முதலிற் கண்ட நம் பலகையில் 60 என்று கணக்கிட்டதை நினைவு கூர்க.

1986-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் நாள், சிங்கப்பூரில் செராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் கூடுமிடத்தில் இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமாயிற்று. அதில் நியூ வோர்ல்டு ஹோட்டல் இருந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டனர். அக்கட்டடம் 1971-இல் கட்டி முடிக்கப்பட்டது. விசாரணையில் வெளியான செய்தி நெஞ்சை உறுத்துவது: கட்டடத்தை வடிவமைத்தபோது, உள்ளே வரும் மக்களுக்கும் பொருள்களுக்கும் கணக்கிட்டிருந்தனர், கட்டடத்தின் சொந்த எடையைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

அங்கே முதலில் தோற்றவை தூண்கள், உத்தரங்கள் அல்ல. ஆனால், தூணுக்கு வரும் சுமை உத்தரத்தின் வழியாகவே வருகிறது. நாம் பலகைக்கு முதலிற் கண்டது என்ன? கரை ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்குகிறது என்பதையே. அந்த முதல் வரி பிழையானால், அதன் கீழ் எழுதும் அத்தனை வரிகளும் பிழையே. 1638-இல் ஒரு முதியவர் எழுதி வைத்ததை மறந்ததன் விலை 33 உயிர்கள்.

அதன் பின்னர்ச் சிங்கப்பூரில் 1989-இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு பொறியாளர் போட்ட கணக்கை, அவரோடு தொடர்பில்லாத மற்றொரு தகுதி பெற்ற பொறியாளர் தனியே சரிபார்க்கவேண்டும் என்னும் முறை அதனால் ஏற்பட்டது. மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளலாகாது என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று.

நாம் அனைவரும் பொறியாளர் ஆகப்போவதில்லை. ஆனால், உத்தரத்தின் கீழ் வாழ்கிறோம். வீட்டைப் புதுப்பிக்கும்போது குழாய் செல்ல வழி வேண்டி, உத்தரத்தின் நடுவில் அடிப்பக்கத்தைக் கொத்தினால் என்ன என்று ஒருவர் கேட்கக்கூடும். படம் நம் கண்முன் தோன்றவேண்டும்: நோவு மிகுந்த இடம் அது, எஃகு கிடக்கும் பக்கமும் அதுவே. பால்கனியில் வரிசையாக மண்தொட்டிகளை வெளிவிளிம்பில் அடுக்கும்போதும், சுமை விளிம்பில் இருந்தாலும் நோவு சுவரோரத்தில் என்பது நினைவுக்கு வரவேண்டும்.

அடுத்த பாடவேளையில் ஓர் அட்டைக் கீற்றையும் இரு பென்சில்களையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். எங்கே தொய்கிறது, எங்கே கூன் கொள்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று மாணவர்களைக் கேளுங்கள். பின்னர் அவர்கள் தாளில் அந்த முக்கோணத்தைத் தாமே வரையட்டும். முடிவில், கீற்றின் சொந்த எடையைச் சேர்த்தாயிற்றா என்று ஒருமுறை கேட்கவும் மறவாதீர்கள்.